நூற்றெட்டுக் குடமும் ஒரு சைபரும்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. என் தங்கை விட்டுப் போன இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் பசியாறாமல் பள்ளிக்கூடம் அனுப்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு சொல்லப் போவது ஒரு தப்பைப் பற்றியது. அதில் என் கையும் இருந்தது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வருசம் படித்தேன். தமிழை விரல் வைத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அடையாள அட்டையில் இருக்கிற ஏபிசி எழுத்து எனக்குக் கோழி கிளறின மண் மாதிரி. ஆனால் எண்ணத் தெரியும். முப்பத்தொரு வருசம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவளுக்கு எண்ணத் தெரியாமல் போகுமா?

இப்போது பீடோங்கில் என் மூன்றாவது மகள் வீட்டில் இருக்கிறேன். அவளுடைய பெண், என் பேத்தி, சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கிறாள். எங்கள் பழைய தோட்டம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். பால்மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. ஆடி மாதத் திருவிழாவுக்கு எங்கெங்கோ கட்டிக்கொண்டு போன பெண்களெல்லாம் யான், கோலா கெடா என்ற ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். அன்றைக்கு நூற்றெட்டுப் பால்குடம் எடுப்பது வழக்கம்.

அந்தப் பால்குடத்தில்தான் போன வருசம் வம்பு வந்தது.

தோட்டத்து வாசலில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதின சீட்டை ஒட்டியிருப்பார்கள். அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொண்டு மாரியம்மனிடம் நடக்க வேண்டும். கோயில் செயலாளர்தான் பல வருசமாகச் சீட்டு எழுதி வந்தார். அவர் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட எட்டு வயது இளையவர், எனக்குத் தம்பி முறை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போன வருசம் பால் வழிந்து, மழையும் தூறி, முத்தெல்லாம் கரைந்து போயிற்று. போதாக்குறைக்கு ஒரே பேரில் ஐந்து பெண்கள். யார் குடத்தை யார் எடுத்தார்கள் என்று அம்மன் முன்னாலேயே சண்டை. ஒருத்தி அடுத்தவள் குடத்தைப் பிடித்து இழுத்ததில் பாதிப் பால் என் சேலையில்.

அதற்கப்புறம் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேன். கூட்டத்தில் பேசுவது எனக்குப் புதிதில்லை. சம்பளத்துக்குப் பேசியவள், சீட்டுக்குப் பேச மாட்டேனா?

"தூக்கறது நாங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேரு பொம்பளைங்க. பேரு எழுதறது மட்டும் ஏன் ஆம்பளைங்க? குடத்துப் பொறுப்ப எங்ககிட்ட குடுங்க."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, ஒங்ககிட்ட குடுத்தா குடம் வந்து சேரும். பேரு வந்து சேருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உட்காரவில்லை. கடைசியில் தலைவர் சொன்னார், "சரிலா, ஒரு வருசம் பாப்போம். கொழப்பம் வந்துச்சுன்னா மறுபடியும் செயலாளர்கிட்டயே." பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். அந்தத் தோட்டம் உண்டானதிலிருந்து கோயிலில் எங்கள் கைக்கு வந்த முதல் பொறுப்பு அது. சமையல் கட்டைப் பொறுப்பு என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, நூத்தெட்டு பேரு. பெரிய எழுத்து. பால் பட்டாலும் அழியக் கூடாது. முடியுமா?"

"அது ஈசி பாட்டி. நீங்க பேரு லிஸ்ட்டு மட்டும் வாங்கிக் குடுங்க. ஒரு தட்டு தட்டினா நூத்தெட்டும் வந்து விழும்."

பேர் வாங்கின கதை தனிக் கதை. ஒரு மாதம் கைப்பேசியும் கையுமாக இருந்தேன். போன வருசம் ஒரே பேரில் ஐந்து பேர் வந்து மாட்டிக்கொண்டதால், இந்தத் தடவை அடையாள அட்டையில் உள்ளபடி அப்பா பேரையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். மலேசியாவில் எங்கள் பேர் அப்படித்தான் இருக்கும். முதலில் நம் பேர், நடுவில் இன்னாருடைய மகள், மகன் என்பதற்கு ஏ பி, ஏ எல் என்று மலாயில் இரண்டு எழுத்து, அதற்கப்புறம் அப்பா பேர். வந்த பேரையெல்லாம் என் மகள் எக்ஸெலில் வரிசையாக அடித்து வைத்தாள்.

பேத்தி அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னமோ எழுத ஆரம்பித்தாள். எக்ஸெலையும் திறக்கவில்லை, வேர்டையும் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. எனக்கு ஓடவில்லை.

"லிஸ்ட்டு ஒரு பக்கம் இருக்கு, நீ எங்கயோ எழுதறியே?"

"பாட்டி, இந்த வின்டோஸ் இருக்கே, இதுக்குள்ள எக்ஸெல், வேர்ட், பிரிண்டர்னு தனித்தனி ஆளுங்க இருக்காங்கன்னு வச்சுக்குங்க. கையால கிளிக் பண்ணித்தான் அவங்கள வேல வாங்கணும்னு இல்ல. ஒவ்வொருத்தரும் வெளிய ஒரு சன்னல் வச்சிருக்காங்க. அந்தச் சன்னல்ல போயி, இத எடு, அத ஒட்டுன்னு நான் எழுதறதே கேட்டுக்கும். சன்னல்ல எப்படிப் பேசணும்னு தெரிஞ்ச ஒரு லைப்ரரி இருக்கு. யாரோ எழுதி வச்சிருக்காங்க, நான் சும்மா எடுத்துக்கறேன்."

சன்னல் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்து ஆபீசில் நான்கு சன்னல் இருந்தது. ஒன்றில் மருந்துச் சீட்டு, ஒன்றில் சம்பளம், ஒன்றில் கத்தி, வாளி. நான்காவது எதற்கென்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கத்தி கொடுக்கிற சன்னலில் போய் மருந்து கேட்டால் மட்டும் திட்டு விழும்.

"திட்டுவானா?" என்று கேட்டேன்.

"செமையா திட்டுவான் பாட்டி. செவப்பு எழுத்துல."

அன்றைக்கே திட்டினான். பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விசயம் என்னவென்றால், அவள் எழுதுகிற பாஷை சைபரிலிருந்து எண்ணுகிறதாம். முதல் ஆள் சைபர், இரண்டாவது ஆள் ஒன்று. எக்ஸெலும் வேர்டும் நம்மைப்போல ஒன்றிலிருந்து எண்ணுகிறார்களாம். சன்னலில் போய், "சைபராவது வரியைக் கொடு" என்றால் உள்ளே இருப்பவன், "அப்படி ஒன்று கிடையாது போ" என்று விரட்டுகிறான்.

"மொத ஆள சைபர்னு எவன்டி எண்ணுவான்? காலையில பெரட்டுல ஆள் எண்ணறப்ப அப்படி எண்ணியிருந்தா கங்காணிய ஒதச்சிருப்போம்."

"ஐயோ பாட்டி, சும்மா இருங்களேன்." சிரித்துக்கொண்டே அவள் மேலிருந்து கீழே வந்து சைபர் இருந்த இடத்திலெல்லாம் ஒன்று போட்டாள். டக்கு டக்கு என்று போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அந்த மடிக்கணினி நெல் மில் மாதிரி இரைந்தது. தொட்டால் சூடு. பேத்தி எதையோ திறந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இங்க வாங்களேன், ஒரு தமாசு," என்று கூப்பிட்டாள்.

"பதினாலு வேர்ட் நிக்குது. ஒண்ணுகூட கண்ணுக்குத் தெரியல. நேத்திலிருந்து ஒவ்வொரு தடவ ஓட்டிப் பாத்தப்பவும் ஒருத்தன மறஞ்சு நின்னு வேல செய்யின்னு கூப்பிட்டிருக்கேன். முடிஞ்சப்புறம் வீட்டுக்குப் போன்னு சொல்லவே இல்ல. எல்லாம் அப்படியே நிக்குது."

நான் சிரித்த சிரிப்பில் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். காலைப் பெரட்டில் எங்களை நிற்க வைத்துவிட்டுக் கங்காணி பசியாறப் போன ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. போ என்று சொல்ல ஆள் இல்லை, நிற்கவும் முடியவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் நாற்பது பேர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பதினான்கு வேர்டின் மேலும் எனக்கு இரக்கமாகிவிட்டது. பேத்தி வேலை முடிந்ததும் அனுப்பிவைக்கிற மாதிரி ஒரு வரி சேர்த்தாள். இரைச்சல் அடங்கியது.

அப்புறம் அச்சடித்தாள். தேத்தண்ணீர் கலக்கி முடிப்பதற்குள் நூற்றெட்டும் வந்துவிட்டது. சீட்டு சின்னது என்பதால் முழுப் பேரையும் போடாமல், நடுவில் இருக்கிற ஏ பி, ஏ எல்லோடு வெட்டி, ஒற்றைப் பேரை மட்டும் பெரிய ஏபிசி எழுத்தில் போட்டிருந்தாள். சுற்றிலும் மாவிலைக் கரை. அந்த அழகைப் பார்த்த மயக்கத்தில், ஒரே பேரில் ஐந்து பேர் இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

நான் சும்மா வாங்கிவிடவில்லை. சோதித்துப் பார்த்தேன். ஒரு ஸ்டிக்கரைப் பித்தளைச் சொம்பில் ஒட்டிக் குழாயடியில் வைத்தேன். பாலை ஊற்றினேன். கட்டைவிரலால் தேய்த்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். ஓர் எழுத்து நகரவில்லை. "இனிமே மழையே வந்து மோதட்டும்," என்றேன். போன வருசத்துத் தப்பு எதுவோ அதைத்தான் மனிதன் சோதிப்பான். இந்த வருசத்துத் தப்பு எப்படி இருக்குமென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹாலில் குடங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். பேத்தி உரித்துக் கொடுக்க, நான் ஒட்டினேன். எல்லாம் நேராக, ஒரே உயரத்தில். பாதி ஒட்டியிருப்போம், பேத்தி கேட்டாள்:

"என்ன பாட்டி, இந்த வருசம் ஆம்பளைங்க நெறைய பேரு எடுக்கறாங்க போல?"

"எடுக்கட்டுமே. அம்மாவுக்கு ஆம்பள பொம்பளன்னு உண்டா?" என்றேன். சந்தோசமாகத்தான் சொன்னேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களில் யாருக்கு யார் பேர் தெரியும்? அவளுக்கு எல்லாரும் அத்தை, பெரியம்மா, சின்னம்மா. எனக்கே அப்படித்தான். முப்பது வருசம் பக்கத்து நிரையில் மரம் சீவியவளை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மதினி என்றால் மதினி. பட்டியலில் இருப்பவர் யாரென்று பேரை வைத்துக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் வாழை இலை போட்டு நூற்றெட்டுக் குடமும் நின்றது. மஞ்சள் சேலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். செயலாளர் தோளில் துண்டோடு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யானிலிருந்து வந்த பெண் ஒருத்தி, அறுபது வயதிருக்கும், வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பெரியம்மா, என் கொடம் எங்க?"

"நல்லா பாருடி. இங்கதான் இருக்கும்."

"மூணு சுத்து சுத்திட்டேன்லா. என் பேரே இல்ல."

ஒரு பேர் விட்டுப் போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் கோலா கெடாவில் மீன் விற்கிற பெண், அவளுடைய குரல் படகு மோட்டாருக்கு மேல் கேட்கும், ஒரு குடத்தின் முன்னால் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"ஐயையோ, இங்க எங்கப்பா பேரு இருக்கு! எங்கப்பா எப்படி பால்கொடம் எடுப்பாரு? அவரு போயி இருவது வருசம் ஆச்சு!"

பக்கத்தில் இருந்தவள் சும்மா இருப்பாளா? "உங்கப்பா இருந்தப்பவே கோயில் பக்கம் வரலியேடி. கள்ளுக்கடையிலேர்ந்து இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு போல."

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருத்தி, "இது எங்கப்பா!" என்றாள். அந்த மூலையில் ஒருத்தி, "எங்கப்பாவும் இருக்காரு!" என்றாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் விசயம் பிடிபட்டுவிட்டது. பேரன் பேத்தி எடுத்த கிழவிகளெல்லாம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடங்களுக்கு நடுவில் ஓடினார்கள். "எங்கப்பா எங்க? எங்கப்பாவப் பாத்தியா?" பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் கையை விட்டுவிட்டுத் தேடுகிற பிள்ளைகள் மாதிரி. "ஒங்கப்பா இந்தப் பக்கம் இருக்காருடி, எங்கப்பாவோட சேந்து நிக்கறாரு!" "ரெண்டும் கூட்டாளிங்கதானே, வேற எங்க நிக்கும்?"

நான் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செயலாளர் வந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, கொடமெல்லாம் வந்திருச்சு. பேரு வரல போலிருக்கே?"

பொறுப்பு கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. என் பின்னால் கை தட்டின பெண்களின் முகம் வரிசையாக வந்து போயிற்று.

பேத்தி காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, தப்பு எங்கன்னு தெரிஞ்சிருச்சு. பேர ரெண்டா வெட்டினேன்ல, அங்க எக்ஸெலும் இல்ல, வேர்டும் இல்ல. அது என் பாஷையோட வேல. நம்ம பேரு சைபர், அப்பா பேரு ஒண்ணு. அன்னிக்கு எல்லா சைபரையும் ஒண்ணா மாத்தினப்போ இதையும் சேத்து மாத்திட்டேன்."

"அப்ப நூத்தெட்டு பேருக்கும் அப்பா பேரா?"

"நூத்தெட்டுக்கும்தான். ஒரே ஒரு எழுத்து பாட்டி. பிரிண்டர் காடியிலதான் இருக்கு. பத்து நிமிசம் குடுங்க."

"அடி," என்றேன்.

கோயில் பிளக்கில் சொருகி அடித்தாள். பத்து நிமிசம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் என் காதில் விழும்படி சத்தமாக வாசித்தாள். சரியான பேர். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் யான் பெண்ணிடம் போனேன். அவள் அதற்குள் தன் அப்பாவைக் கண்டுபிடித்து, குடத்துக்குப் பூச்சுற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளுடி, மாத்தி ஒட்டறேன்."

அவள் ஸ்டிக்கரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வேணாம் பெரியம்மா. இருக்கட்டும்."

"இருக்கட்டுமாவது. ஒன் பேரு வேணாமா?"

"என் பேரு எங்க போவப்போவுது? அவருக்கு யாரு பால்கொடம் எடுத்தா இது வரைக்கும்?"

நான் விடவில்லை. அடுத்த குடத்தில் நகத்தை வைத்துப் பிய்த்துப் பார்த்தேன். வரவில்லை. வருமா? பாலுக்கும் தண்ணீருக்கும் தேங்காய் நாருக்கும் அசையாதது என்று நானே சோதித்து வைத்த ஸ்டிக்கர் ஆயிற்றே. மீன்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "விடுங்க பெரியம்மா, எங்கப்பாவ போலீசே வந்து இழுத்தும் அந்தக் கடையவிட்டு அசையல," என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் வேண்டியவர்கள் புதுச் சீட்டை அப்பா பேருக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்கள். மேலே அப்பா, கீழே மகள். அக்கா தங்கை மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று குடத்திலும் ஒரே பேர். எது யாருடையது என்று யாரோ கேட்டதற்கு, மூத்தவள், "எந்தக் கொடம் எடுத்தாலும் எங்கப்பாதான்லா," என்று சொல்லிக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டாள். ஒருத்தி மட்டும் என்னிடம் தனியாக வந்தாள். அதிகம் பேசாத பெண்.

"எனக்கு மேலேயே ஒட்டுங்க பெரியம்மா. தெரியக் கூடாது. அந்தாளு பேர நான் தலையில வைக்க மாட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குக் கேட்க வேண்டியதில்லை. புதுச் சீட்டைப் பழையதன் மேல் சரியாக வைத்து, நான்கு ஓரமும் கட்டைவிரலால் அழுத்தினேன். ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை. அவள் பேர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

செயலாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வரிசையோரமாக நடந்து வந்தார். ஒரு குடத்தின் முன்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது யாரு எடுக்கறா?"

"ஒன் தங்கச்சிதான் தம்பி," என்றேன்.

அவர் குனிந்தார். ஸ்டிக்கரில் வழிந்திருந்த குங்குமத்தைத் துண்டு நுனியால் துடைத்தார். அவர் அப்பா எங்களோடு மரம் சீவியவர். மகன் ஆபீஸ் சன்னலுக்கு உள்ளே போய் உட்கார்ந்ததை மூன்று மாதம் தோட்டம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

"வழியில கல்லு கெடக்கு. பாத்து நடக்கச் சொல்லுங்க," என்றார் கடைசியில். அதோடு விட்டாரா, தங்கச்சிக்குக் குடை பிடித்துக்கொண்டு செம்பனைகளுக்கு நடுவில் கோயில் வரைக்கும் கூடவே நடந்தார். விசிலடித்துக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிறவர் அன்றைக்கு விசிலை வாயில் வைக்கவே இல்லை.

என் குடம் வரிசையில் முதல் குடம். தூக்குவதற்கு முன்னால் பேத்தியிடம் கேட்டேன், "என்னதுல என்ன போட்டிருக்கு, வாசி." அவள் என் அப்பாவின் பேரை வாசித்தாள். பேத்தி வாயில் அந்தப் பேர் வந்து நான் கேட்டதே இல்லை. என் அப்பா மாட்டு வண்டியில் பால் வாளி ஏற்றியவர். தோட்டத்தில் எல்லாருக்கும் வண்டிக்காரர்தான். என் அம்மாகூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாரியம்மன் முன்னால் பூசாரி முதல் குடத்தை வாங்கி, சீட்டைப் பார்த்து, ஒலிபெருக்கியில் அந்தப் பேரைச் சொல்லிப் பாலை ஊற்றினார். கோபுரத்தில் கட்டின ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து அது பழைய வண்டிப் பாதை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு முழங்கால் வலி அன்றைக்குத் தெரியவில்லை. அடுத்து அடுத்து அப்பாக்கள் பேராக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் எங்கேயாவது ஒருத்தி, "எங்கப்பாதான், எங்கப்பாதான்," என்று பக்கத்தில் இருப்பவளை இடித்தாள்.

ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே. அன்னதானம் முடிந்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் நேராகக் கேட்டார்.

"செயலாளரே, பால்கொடத்துல கொழப்பம் வந்துச்சா, வரலியா? ஒங்க வார்த்ததான் முடிவு. எழுதிருங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தேன். பேத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பேனாவைத் திறந்தார், நிதானமாக எழுதினார். கிராணிக் கை, அவசரமே கிடையாது. எழுதி முடித்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். தமிழில்தான் இருந்தது. முத்து முத்தாக இருந்தது. நான் விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன்.

குடம் எதுவும் மாறவில்லை. பொறுப்பு மகளிரிடமே தொடரும்.

அது உண்மைதானே. ஐந்து பெண்களுக்கு ஒரே பேர் இருக்கலாம். ஆனால் தன் அப்பாவை எவளும் மாற்றித் தூக்கவில்லை. மண்டபம் இடிகிற மாதிரி பெண்கள் கை தட்டினார்கள். மீன்காரப் பெண் விசிலே அடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் பேத்தியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க, அந்த நம்பரக் காட்டு பாப்பா," என்றார். அவள் காட்டினாள். குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, அடுத்த வருசம் ரெண்டையும் போடச் சொல்லுங்க. சைபரையும் ஒண்ணையும்," என்றார்.

"யாருக்கு வேணுமோ அவங்களுக்கு," என்றேன். பொறுப்பு என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் தட்டியிருக்கிறாள். நடுநடுவே சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று சொல்லவில்லை. நீ எழுதினது அழகாக இருக்கிறதா, கரை நேராக இருக்கிறதா என்று இந்தத் தடவை நான் பார்க்கப் போவதில்லை. தண்ணீர் ஊற்றியும் பார்க்க மாட்டேன். எனக்குக் காது இருக்கிறது. பாப்பா, அந்த வேர்டை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சத்தமாக ஒரு தடவை வாசித்துக் காட்டு. முதல் வரியிலிருந்து வாசி. உன் கணக்கில் அது சைபராவது வரி என்றாலும் சரி.